கத்தி உள்ள எழுத்து

ஜப்பான் மொழி எனக்குத் தெரியாது.
அதன் எழுத்துகளில் முப்பதைத் தெரியும், முகம் மட்டும்.
எப்படி ஒலிக்கும் என்று கேட்காதீர்கள்.
வலது விலாவில் கத்தி செருகியிருந்தால்: அழி.
ஒரு கை, கீழே ஒரு பெண், பக்கத்து எழுத்தில் நூல்: இணை.
ஐயாயிரம் துக்ரிக் கூலிக்கு
இவ்வளவு படிப்பு போதும்.

உலான்பாத்தரின் கார்ச் சந்தை வாசலில்
ஒரு பழைய சரக்குப் பெட்டிதான் என் கடை.
கப்பலிலும் ரயிலிலும் வந்து இறங்கும் கார்களுக்கு
எங்கள் ஊர் தெரியாது.
திரையில் அம்புக்குறி
சாலையே இல்லாத வெறும் நீலத்தில் நிற்கும்.
நான் அதைத் திருத்துவதில்லை.
போனை மட்டும் சேர்த்துவைப்பேன்.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
சோக்பத்ராக் என்றொருவர், ஆட்டுக்காரர்,
வெள்ளை பிரியஸ், வாங்கி மூன்று நாள்.
"திட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், சேரவில்லை" என்றார்.
போன் குளிரில் செத்துக் கிடந்தது.
சார்ஜ் ஏறவில்லை.
அதன் வாய்க்குள் டார்ச் அடித்து ஊசியால் நெம்பினேன்.
வந்தது ஒரு சிட்டிகை வெள்ளாட்டு மயிர்,
போன வசந்தத்தில் சீவியதாம்.
"கிலோ என்ன விலை தெரியுமா?" என்று
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.
போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

உயிர் வந்தது. திரை மட்டும் கண்டுகொள்ளவில்லை.
அவர் கேபிள்
சோறு போடும், முகங்கொடுத்துப் பேசாத வகை.
என்னுடையதைச் செருகினேன்.
அதற்கும் மௌனம்.
போனை அணைத்து எழுப்பினேன், காரை அணைத்து எழுப்பினேன்.
ப்ளூடூத். நான்கு சுழியம்.
வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்
மிக மரியாதையாக, மிக நீளமாக,
முடியாது என்றது.

பட்டியல் நிறைந்திருந்தது.
ஐந்து போன்களுக்குத்தான் அதில் இடம்,
ஐந்தும் கடலுக்கு அந்தப் பக்கம்.

பக்கத்துக் கடை முங்க்சைகானைக் கூப்பிட்டேன்.
இப்போது பேட்டரி விற்கிறான்.
டோக்கியோவில் ஆறு வருஷம் சூமோ, கீழ்ப்படியிலேயே,
முழங்கால் போனதும் திரும்பியவன்.
முன்சீட்டில் பாதி உடம்பை மட்டும் நுழைத்துப் படித்தான்:
ஏதோ கம்பெனி போன்.
யூகி.
யூகி, புதுசு.
வெறும் எண்.
ஐந்தாவதில் நின்றுவிட்டான்.

அது எனக்கும் தெரிந்த வடிவம்தான்.
உச்சியில் தொடாத இரண்டு கூடாரக் கம்புகள்,
பக்கத்திலேயே அதுபோல இன்னொரு ஜோடி.
"ஹ ஹ" என்றான்.
சிரிப்பா?
"சிரிப்பாகவும் இருக்கலாம்.
அம்மா என்றும் வரும்.
எழுதினவரைத்தான் கேட்கணும்."

"யாரானால் என்ன, எல்லாவற்றையும் அழி.
அங்கிருந்து யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?"
என்றார் ஆட்டுக்காரர். நியாயம்தான்.
எனக்கு வேண்டியது ஓர் இடம்.
யூகியின் பழைய போன்மேல் கத்தியை வைத்தேன்,
புதுசு இருக்கிறதே.

சேர்ந்தது.
நான்கு ஸ்பீக்கரிலும் மணி அடித்தது.
வங்கியில் ஒரு பெண்:
காருக்கான முதல் தவணை வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கட்டும்.
சந்தை முழுக்கக் கேட்டது.
முங்க்சைகான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
ஹ ஹ.
"இதைப் பிரித்துவிட எவ்வளவு?" என்றார் அவர்.

ஒன்றைச் சொல்லித்தான் அனுப்பினேன்.
காலையில் சாவி போட்டதும் உடனே பிடிக்காது,
பத்து விநாடி பொறுங்கள்.
வரிசையில் மேலே இருப்பவர்களை
வண்டி முதலில் தேடும்.
கம்பெனியை, யூகியை, அந்த எண்ணை,
பிறகு அந்த இரண்டு கூடாரங்களை.
ஒருவரும் கிடைக்காத பிறகுதான்
இவரிடம் வரும்.
இதையெல்லாம் சொல்லவில்லை,
பத்து விநாடி என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்று கேட்டார்.
குளிர் என்றேன்.